வைக்கோல் கழிவுன்னு யார் சொன்னது?

சென்னையிலிருந்து வர்ற நண்பர்கள் காளான் பத்திப் பேச்செடுத்தாலே, "விவசாயக் கழிவுல வளர்க்கலாமாமே" என்றுதான் ஆரம்பிக்கிறாங்க. எந்தக் கழிவுங்கன்னு கேட்டா, வைக்கோல்! காஞ்சிபுரம் பக்கம் வைக்கோலைக் கழிவுன்னு சொன்னா மாடே கோவிச்சுக்கும். மாட்டுத்தீனி, மிச்சம் மீதி எருக்குழிக்கு, அங்கிருந்து வயலுக்கு. காளான் இந்த வழியில நடுவுல வந்து சேர்ந்த குடித்தனக்காரர், அவ்வளவுதான்.

அவர் வந்த கதை சுவையானது. வைக்கோலில் காளான் வளர்ப்பு தென்சீனத்தில், குவாங்டாங்கின் நான்ஹுவா கோயில் துறவிகளிடம் ஆரம்பித்ததாகச் சொல்கிறார்கள்; சுமார் 200 வருஷத்துக்கு முன்னால். அது சென் மரபின் ஆறாவது குரு ஹுய்நெங் வாழ்ந்த கோயில். முதல் குரு? நம்ம காஞ்சிக்காரர்னு நாம சொந்தம் கொண்டாடுற போதிதர்மர். (அவர்தான் காளானைக் கொண்டுபோனார்னு வாட்ஸ்அப்ல கிளப்பிடாதீங்க. நடுவுல ஆயிரம் வருஷத்துக்கு மேல இடைவெளி.)

1930களில் சீனர்கள் குடியேறிய மலாயா, பிலிப்பைன்ஸ் பக்கம் அது பரவியது. 1940இல் கோயம்புத்தூரில் வளர்த்துப் பார்த்தார்கள். இந்தியாவில் அதுதான் முதல் முயற்சி. கே.எம். தாமஸும் கூட வேலை பார்த்தவர்களும் 1943இல் அதைக் கட்டுரையாக எழுதினார்கள். நம்ம சூட்டுக்கு ஏத்த காளான், வைக்கோலுக்கும் பஞ்சமில்லை. அப்புறம் ஏன் கடைக்கு வரலை? காலையில முட்டை மாதிரி மொட்டு, சாயங்காலம் விரிஞ்ச குடை. ஃப்ரிட்ஜில் வைத்தால் கசிந்து கெட்டுப்போகும். பறிச்ச அன்னிக்கே தின்னணும். இதைச் சந்தைக்குக் கொண்டுபோறது எப்படி?

அதனால கடையைப் பிடிச்சது மொட்டுக்காளான். அதுக்கு மக்கவைத்த உரமும் 14 முதல் 18 டிகிரிக் குளிரும் வேணும். ஊட்டிக்கும் சோலனுக்கும் சரி. 1962இல் மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையத்தில் பானோவும் ஸ்ரீவத்சவாவும் சிப்பிக்காளானை வைக்கோலில் வளர்த்துக் காட்டியபோது சமவெளிக்காரருக்கு ஒரு கதவு திறந்தது. ஆனா எங்க சித்திரை வெயில்ல சிப்பி சோர்ந்துபோகும். 1974இல் வங்காளத்தில் கண்டு பெயர் வைக்கப்பட்ட பால்காளான்தான் 30, 35 டிகிரியிலும் சிரிச்சுக்கிட்டு நிக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் அதில் 'ஏ.பி.கே. 2' ரகத்தை வெளியிட்டது.

பழைய கதையெல்லாம் சரி. இன்னிக்கு எனக்கு உறுத்துறது வேற. அறுவடை மெஷின் வந்தபிறகு வைக்கோல் கட்டாகி லாரி ஏறுது. காளான் கொட்டகைக்குப் போனது, அறுப்பு முடிஞ்சதும் பாலித்தீன் பையோட ஓடையில கிடக்குது. ஒரு டன் வைக்கோலில் சுமார் 15 கிலோ பொட்டாசியம் இருக்கு. பொட்டாஷ் உரத்தை நாடே கப்பலில் இறக்குமதி பண்ணுது. இங்கே ஓடையில கொட்டுறோம்.

பையைக் கிழிச்சு எடுத்துட்டு, படுக்கையைக் கொட்டகைக்கு எட்டத்துல குவிக்கணும். பக்கத்துல கிடந்தா பச்சைப் பூஞ்சணமும் ஈயும் அடுத்த படுக்கைக்குத் தாவிடும். காளான் ஏற்கெனவே பாதி செரிச்சுட்ட வைக்கோல் என்பதால் சாணம் கரைச்சு ஊத்தினா சீக்கிரம் மக்கும், மண்புழுவும் விரும்பித் தின்னும்.

இன்னொண்ணு, பலரும் கவனிக்காதது: பொட்டாசியம் தண்ணியில கரையும். வைக்கோலை ஊறவெச்ச செந்தண்ணியிலேயே நிறைய இறங்கிடும். அதையும் வாழைக்கோ தென்னைக்கோ பாய்ச்சுங்க. ஃபார்மலின், பெவிஸ்டின் கலந்து ஊறவைக்கிறவங்க தண்ணி மட்டும் இதுக்கு ஆகாது. வெந்நீர்ல வேகவைக்கிற முறைக்குத்தான் இது பொருந்தும்.