கான்கிரீட் எடை மதிப்பீடு

கான்கிரீட் எடை மதிப்பீடு என்பது ஒரு கட்டுமானத்தில் சேரும் கான்கிரீட்டின் கன அளவை அடர்த்தியால் பெருக்கி, அதன் சொந்தச் சுமையைக் கணிக்கும் முறை. ஜல்லியும் மணலும் கலந்த சாதா கான்கிரீட்டுக்குக் கனமீட்டருக்கு 24 கிலோநியூட்டன், கம்பி கட்டியதற்கு 25 என்று இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 (2000) வகுத்திருக்கிறது. புழக்கத்தில் இவை ஏறக்குறைய 2,400, 2,500 கிலோ. இடுக்கி மாவட்டத்தின் ஏலக்காட்டு ஊரான சக்குபள்ளத்தில் 1,000 சதுர அடி வீட்டுக்கு 12.5 செ.மீ. கனத்தில் தளம் போட்டால் எடை சுமார் 29 டன். கனம் ஒரு சென்டிமீட்டர் கூடினால் இரண்டே கால் டன்னுக்கு மேல் ஏறிவிடும். சென்ட்ரிங் பலகையும் முட்டும் அத்தனையையும் தாங்கியாக வேண்டும் என்பதால், எடையைச் சற்றுக் கூட்டியே போடுவது கொத்தனார் முதல் பொறியாளர் வரை எல்லோருக்கும் வழக்கம்.

அந்த வழக்கம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. எடை சுமையாக இருக்கும் இடத்தில் கூட்டிப் போடுவது பாதுகாப்பு. எடையே பிடிமானமாக இருக்கும் இடத்தில் அதுவே ஆபத்து. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறும்போது காலியான கான்கிரீட் தொட்டி மிதந்து எழும்பாமல் இருப்பது பெரிதும் சொந்த எடையால்தான். ஐ.எஸ். 456 இதை உணர்ந்தே, சாதாரணமாகச் சொந்தச் சுமையை 1.5ஆல் பெருக்கச் சொல்கிறது. கவிழாமல் நிற்பதே கேள்வி என்றால் 0.9ஆல் பெருக்கிக் குறைக்கச் சொல்கிறது.

எடையே பிடிமானமாக இருப்பதற்குப் பெரிய உதாரணம் இடுக்கி மாவட்டத்திலேயே இருக்கும் முல்லைப் பெரியாறு அணை. பொறியாளர் ஜான் பென்னிகுக் தலைமையில் 1887-1895இல் கல்லும் சுண்ணாம்புச் சுர்க்கிச் (செங்கல் தூள்) சாந்தும் கொண்டு எழுப்பப்பட்ட இது, எடையால் நீரைத் தடுக்கும் ஈர்ப்பு அணை. 1979இல் பாதுகாப்புக் கவலை எழுந்து நீர்மட்டம் 136 அடிக்கு இறக்கப்பட்டது. பின்னர் செய்த பலப்படுத்தலில் உச்சியில் கான்கிரீட் தொப்பி, பாறையோடு பிணைக்கும் கம்பிவடம், பின்புறம் கான்கிரீட் சுவர் ஆகியவை சேர்ந்தன. தொப்பியும் சுவரும் எடை கூட்டும் வேலைகள். 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்தது.

2,400க்கும் 2,500க்கும் வித்தியாசம் நான்கு சதவீதம்தானே, இதற்கு இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்கலாம். 136இலிருந்து 142 அடி என்பதும் நான்கு சதவீதத்துக்குச் சற்றே கூடுதல்தான். ஆனால் நீரின் தள்ளுவிசை ஆழத்தின் இருமடிப்படியும், கவிழ்க்கும் திருப்பம் மும்மடிப்படியும் வளர்வதால், முன்னது சுமார் 9, பின்னது சுமார் 14 சதவீதம் உயர்கிறது. நீர்மட்டம் ஏறுவதால் அணையின் எடை கூடுவதில்லை. அடித்தளத்தில் கசியும் நீர் மேல்நோக்கி அழுத்தி அந்த எடையிலும் ஒரு பங்கைக் கழிக்கிறது. ஆகவே இங்கே தாராளமான ஊகம் உதவாது. துளையிட்டு எடுத்த மாதிரியை நிறுத்துப் பார்த்த அடர்த்திதான் நம்பத்தக்கது.

எல்லா அணைக்கும் எடைதான் பலம் என்றும் கொள்ளக் கூடாது. குறவன், குறத்தி மலைகளுக்கிடையே வளைந்து நிற்கும் சுமார் 169 மீட்டர் உயர இடுக்கி அணை, நீரின் அழுத்தத்தைப் பெரும்பாலும் இரு பக்கத்துப் பாறைக்குக் கடத்திவிடுகிறது. அதே நீர்த்தேக்கத்தை அருகில் தடுக்கும் செறுதோணி அணை, முல்லைப் பெரியாற்றைப் போலத் தன் எடையையே நம்பி நிற்கிறது.