கைப்பிடியிலிருந்து பொத்தானுக்கு

நீராவி இயந்திரம் கொதிகலத்தில் அமுக்கம் ஏறியதும் தானாகவே அசையத் தொடங்கும். மின்சார மோட்டாருக்கு மின்னோட்டம் கிடைத்தாற் போதும். நின்ற நிலையிலிருந்தே அது முழு வலுவோடு சுழலும். பெற்றோல் எஞ்சின் மட்டும் அத்தகையதன்று. அது ஓடிக்கொண்டிருந்தாலன்றி ஓடாது. உருளையினுள்ளே காற்றும் பெற்றோல் ஆவியும் உறிஞ்சப்பட வேண்டும்; முசலம் எனப்படும் பிஸ்டன் அதனை நெருக்க வேண்டும்; அதன் பின்னரே தீப்பொறி பாய்ந்து வெடிப்பு நிகழும். இம்முதற் சுற்றை எஞ்சினுக்காக வேறொருவர் சுற்றிக் கொடுத்தாக வேண்டும். மோட்டார் வண்டி தோன்றிய காலந்தொட்டு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அந்த வேறொருவர் பெரும்பாலும் மனிதராகவே இருந்தார். அவருடைய கருவி வண்டியின் முகப்பிலே செருகப்பட்ட இரும்புக் கைப்பிடி.

அக்கைப்பிடியைச் சுற்றுவது வெறும் உடல் வலுவின் காரியமன்று. சாரதி முதலிலே வண்டி கியரில் இல்லை என்பதை உறுதி செய்துகொள்வார். தீப்பொறி பாயும் நேரத்தை மாற்றும் சிறு நெம்புகோல் ஒன்று சுக்கானின் அருகே உண்டு. அதனைப் பின்தள்ளி வைப்பார். பின்னர் வண்டியின் முன்னே வந்து குனிந்து, கைப்பிடியைப் பற்றி மேல்நோக்கி இழுப்பார். பெருவிரலை மற்றை நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வைத்தல் வேண்டும். பிடியைச் சுற்றி வளைத்தல் ஆகாது. கீழ்நோக்கி அழுத்துதலும் ஆகாது. இவ்விதிகளுள் ஒன்றை மறந்தாலும் அபாயமே. நெம்புகோல் முன்னே நின்றுவிட்டால், பிஸ்டன் உச்சிக்கு வருமுன்னரே வெடிப்பு நிகழும். எஞ்சின் பின்புறமாகத் திரும்பி உதைக்கும். அந்த உதை கைப்பிடி வழியாகச் சாரதியின் மணிக்கட்டிலே வந்து இறங்கும். எலும்பு முறிந்தோர் எண்ணிலர். மணிக்கட்டுக்கு அருகே ஆரை எலும்பிலே ஏற்படும் ஒருவகை முறிவுக்குச் ‘சாரதி முறிவு’ என்றே வைத்தியர்கள் பெயரிட்டனர். கைப்பிடி அருகிவிட்ட இந்நாளிலும் மருத்துவ நூல்களிலே அப்பெயர் வழங்கி வருகின்றது.

கியரைப் பற்றிய விதியை மறந்தவர் நிலை இன்னும் பரிதாபமானது. எஞ்சின் உயிர் பெற்ற அக்கணமே வண்டி முன்னே பாயும்; அதன் முன்னே நிற்பவரோ சாரதியேதான். 1908இல் வெளிவந்த போர்ட் நிறுவனத்தின் ‘மொடல் ரி’ வண்டி குளிர்காலத்திலே இவ்வகையிற் பெயர் பெற்றது. குளிரால் எண்ணெய் தடித்துக் கிளச்சுத் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தொடக்கியவுடன் வண்டி சாரதியை நோக்கி மெல்ல நகர்ந்து வரும். இதற்கு அஞ்சியோர் பின்சில்லு ஒன்றை நிலத்திலிருந்து உயர்த்தி வைத்தே கைப்பிடியைச் சுற்றினர்.

இவ்வல்லலை நீக்க முயன்றோர் பலர். இங்கிலாந்திலே 1896இலேயே ஆர்னல்ட் என்னும் வண்டியொன்றில் மின்தொடக்கி பொருத்திப் பார்க்கப்பட்டது. அமெரிக்காவில் கிளைட் கோல்மன் என்பவர் 1903இல் மின்தொடக்கி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அழுத்திய காற்றையும், அசற்றலீன் வாயுவையும், முறுக்கிய வில்லையும் பயன்படுத்தியோரும் உளர். எனினும் அன்றாடம் நம்பிப் பயன்படுத்தத் தக்கதாக எதுவும் நிலைபெறவில்லை.

நிலைபெற்ற தொடக்கியை ஆக்கியவர் சார்ள்ஸ் கெற்றரிங். அவரைப் பற்றிய கதை பெரும்பாலும் ஒரு மரணத்தோடு தொடங்கும். டிற்றோயிற் நகரிலே மோட்டார் வண்டி செய்த பைரன் கார்ட்டர் என்பவர், குளிர்நாள் ஒன்றிலே பாலமொன்றின் மீது நின்றுபோன வண்டியைக் கண்டார். அதனை ஓட்டி வந்த பெண்ணுக்கு உதவக் கைப்பிடியைச் சுற்றினார். அது திருப்பி உதைத்துத் தாடையை உடைத்தது. அக்காயத்தின் விளைவாக அவர் இறந்தார். அவருடைய நண்பரான கடிலாக் நிறுவனத் தலைவர் ஹென்றி லீலன்ட் மனம் நொந்து, ‘இனி என் வண்டி ஒருவரையும் கொல்லலாகாது’ என்று உறுதி பூண்டு கெற்றரிங்கை அழைத்தார் என்பது கதை. கேட்போர் நெஞ்சைத் தொடும் கதைதான். ஆயினும் வரலாற்றாசிரியன் ஆண்டுகளைக் கூட்டிப் பார்க்க வேண்டியவன். கதை பல நூல்களிலே 1910ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படுகின்றது. கார்ட்டரோ 1908இலேயே காலமாகிவிட்டார். கதையின் ஏதோ ஒரு பகுதி பின்னாளிலே சேர்க்கப்பட்டதென்றே கொள்ளவேண்டும். அக்காலத்தில் லீலன்டுக்கு இத்தகைய விபத்தொன்றைக் கேள்வியுற நெடுந்தூரம் செல்ல வேண்டியிருக்கவில்லை என்பது மட்டும் உறுதி. கைப்பிடியால் முறிந்த கைகள் ஒவ்வொரு நகரிலும் இருந்தன.

கெற்றரிங் 1876இல் ஒகையோ மாநிலத்தில் பிறந்தவர். 1904இல் பல்கலைக்கழகப் படிப்பை முடித்து, டேற்றன் நகரிலே கடைகளுக்கான காசுப்பதிவு இயந்திரங்களைச் செய்யும் நிறுவனத்திற் சேர்ந்தார். அவ்வியந்திரத்தின் பிடியைக் கடைக்காரர் கையாற் சுற்றுவதே வழக்கம். அதனை மின்மோட்டார் கொண்டு சுழற்றும் பணி கெற்றரிங்குக்கு வாய்த்தது. சிறிய பெட்டியினுள்ளே பெரிய மோட்டாருக்கு இடமேது? இங்கேதான் அவருடைய மதிநுட்பம் புலனாகின்றது. நாள் முழுவதும் ஓடவேண்டிய மோட்டார் சூடேறிக் கெடாதிருக்கப் பெரிதாக இருத்தல் வேண்டும். கணப்பொழுது மட்டும் உழைத்து உடனே ஓய்வு கொள்ளும் மோட்டாரோ சிறிதாக இருந்தும் தன் அளவுக்கு மிஞ்சிய வலுவைத் தரலாம். காசுப்பெட்டி திறப்பதும் ஒரு கணம். எஞ்சின் தொடங்குவதும் சில கணம். எஞ்சினைச் சுழற்றத்தக்க மோட்டார் எஞ்சினளவு பெரிதாக அமைய வேண்டும் என்று அறிஞர் பலர் கருதியிருந்த வேளையிலே, காசுப்பெட்டியிற் கற்ற பாடம் கெற்றரிங்குக்கு வழி காட்டியது. வேறொரு தொழிலிலிருந்து வந்தவர் என்பதே அவருக்குப் பெரும்பேறாயிற்று எனலாம்.

1909இல் அவரும் நண்பர் எட்வேட் டீட்சும் டெல்கோ என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். டீட்சின் வீட்டுக்குப் பின்னாலிருந்த களஞ்சியக் கொட்டிலே அவர்களுடைய பட்டறை. 1911இன் தொடக்கத்திலே கடிலாக் வண்டியொன்றிற் பொருத்திய தொடக்கி லீலன்ட் முன்னிலையில் இயங்கிக் காட்டிற்று. அதன் அமைப்பு நயமுடையது. ஒரே பொறி தொடக்கும்போது மோட்டாராகவும், எஞ்சின் ஓடிய பின்னர் மின்பிறப்பாக்கியாகவும் தொழிற்பட்டது. தொடக்குவதற்கு மின்கலங்கள் தொடராக இணைந்து 24 வோல்ற்று தந்தன. பின்னர் ஆளி மாறி, 6 வோல்ற்றில் விளக்கெரியவும் மின்கலங்கள் மீண்டும் நிரம்பவும் வழி பிறந்தது. 1912ஆம் ஆண்டுக்குரிய கடிலாக் வண்டிகள் இவ்வமைப்புடன் விற்பனைக்கு வந்தன. இதற்காகவே பிரித்தானிய அரச மோட்டார்க் கழகம் தன் டூவார் கிண்ணத்தை அந்நிறுவனத்துக்கு இரண்டாம் முறையாக வழங்கியது. கெற்றரிங்கின் காப்புரிமை 1915இல் உறுதியாயிற்று.

விளைவு எஞ்சினோடு நிற்கவில்லை. அதுவரை, கைப்பிடி வேண்டாத மின்சார வண்டிகளைப் பெண்கள் பலர் விரும்பியிருந்தனர். பெற்றோல் வண்டியின் பேரரசரான ஹென்றி போர்டின் மனைவியார் கிளாராவும் ‘டிற்றோயிற் இலெக்றிக்’ என்னும் மின்வண்டியையே ஓட்டினார். தொடக்கி வந்தபின் மின்வண்டியின் இந்தத் தனிச்சிறப்பு நீங்கியது. மின்மோட்டாரே மின்வண்டியின் வீழ்ச்சிக்குத் துணைபோனது விந்தையன்றோ!

போர்ட் நிறுவனமோ விரையவில்லை. மொடல் ரி வண்டிக்கு மின்தொடக்கி 1919இலேதான் கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டுகளிலே உரிமையாளர்கள் சும்மா இருக்கவில்லை. உதிரிப்பாகம் விற்போர் பலவகைத் தொடக்கிகளை விற்றனர். வாங்கியவர்கள் தம் வண்டியிலே தாமே பொருத்திக்கொண்டனர். தொழிற்சாலை தராததைக் கொட்டிலிலே தானே அமைத்துக்கொள்ளும் பழக்கம் மோட்டார் உலகிலே அன்று வேரூன்றியது. இதற்கிடையே 1914இல் வின்சென்ட் பென்டிக்சின் பற்சில்லு அமைப்பும் வண்டிகளிலே இடம்பெறத் தொடங்கியது; தொடக்கும்போது மட்டும் எஞ்சினோடு பொருந்தி, எஞ்சின் வேகம் பெற்றதும் தானே விலகிக்கொள்ளும் பற்சில்லு அது. காலால் மிதித்தும் பொத்தானை அழுத்தியும் இயக்கிய தொடக்கியை, திறப்பைத் திருப்பினாலே போதும் என்ற நிலைக்கு 1949இல் கிறைஸ்லர் நிறுவனம் கொணர்ந்தது.

ஆயினும் பிரித்தானிய வண்டிகள் கைப்பிடியை எளிதிற் கைவிடவில்லை. 1950களில் இலங்கைக்கு வந்த ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகளிலே தொடக்கியும் உண்டு. மின்கலம் சோர்ந்தால் உதவுவதற்குக் கைப்பிடி நுழையும் துளையும் உண்டு. யாழ்ப்பாணத்து வாடகை வண்டியாக நெடுங்காலம் உழைத்த ஒஸ்ரின் ஏ 40 இவ்வகையினதே. 1990களில் பொருளாதாரத் தடையாற் பெற்றோல் கிடைக்காத போது இவ்வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. ஓடும் எஞ்சினின் சூட்டில் மண்ணெண்ணெய் ஆவியாகிவிடும். ஆறிய எஞ்சினில் ஆகாது. ஆகவே தொடக்குவதற்கு மட்டும் சொற்பப் பெற்றோலைச் சாரதிகள் பொன்போலப் போற்றி வைத்திருந்தனர். எஞ்சினின் வாழ்விலே முதற்சுற்று எத்துணை அரிது என்பதை அவர்களை விட நன்கறிந்தவர் இல்லை.

வட அமெரிக்காவின் கடுங்குளிர் இதே இடர்ப்பாட்டை வேறு வடிவிலே தருகின்றது. அங்கே பெற்றோலே ஆவியாக மறுக்கும், எண்ணெய் கூழாகும், மின்கலத்தின் வலு வெகுவாகக் குறையும். வட டக்கோட்டா மாநிலத்தவரான அன்ட்ரூ பிறீமன் 1947இல் எஞ்சினைச் சூடாக வைத்திருக்கும் மின்சூடாக்கி ஒன்றை அமைத்தார். இரவு முழுவதும் வண்டியை மின்கம்பியிலே கட்டி வைக்கும் வழக்கம் அதனாற் பரவியது. இதற்கு அடுத்த படியாகவே தொலைத்தொடக்கி வந்தது. வீட்டினுள்ளிருந்து பொத்தானை அழுத்தினால் வானொலி அலை சென்று வெளியே நிற்கும் வண்டியைத் தொடக்கிவிடும். உரிமையாளர் வெளியே வருமுன் கண்ணாடியிற் படிந்த உறைபனி உருகத் தொடங்கியிருக்கும். பல ஆண்டுகள் இது உரிமையாளரோ கராஜ்காரரோ தனியே வாங்கிப் பொருத்தும் பொருளாகவே இருந்தது. ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் 2004ஆம் ஆண்டுக்குரிய செவ்ரோலே மலிபு வண்டியிலே இதனைத் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தந்தது.

தொலைத்தொடக்கியைத் தன் வண்டியிலே தானே பொருத்துபவர் செய்வது யாது? சுக்கானுக்குக் கீழுள்ள கம்பிக்கற்றையைப் பிரித்து, திறப்பு எவ்வெவ் ஆளிகளை எவ்வொழுங்கில் மூடுகின்றதோ அவற்றை ஒரு சிறு பெட்டி மூடுமாறு இணைக்கின்றார். இது எளிய பகுதி. கடினமான பகுதி வேறு. கைப்பிடி பிடித்த பழைய சாரதி கண்ணாற் கண்டும் கையால் தொட்டும் அறிந்தவற்றையெல்லாம் அப்பெட்டிக்கு அறிவிக்க வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டதா என அறிய, அதன் சுழல்வேகத்தை உணரும் கம்பி ஒன்று வேண்டும். இல்லையேல் தொடக்கி விடாது சுழன்று பற்களைத் தின்றுவிடும். ‘பொனற்’ எனப்படும் முன்மூடி திறந்திருப்பின் தொடக்காதிருக்க அங்கே ஓர் ஆளி வேண்டும். உள்ளே கைவைத்து வேலை செய்பவரின் விரல்கள் அதனை நம்பியுள்ளன. திறப்பின்றி ஒருவர் ஏறிப் பிறேக்கை மிதித்தால் எஞ்சின் நின்றுவிட வேண்டும். திறப்பினுள் நுண்சில்லு வைத்துக் கள்வரைத் தடுக்கும் வண்டிகளில், அத்தடையைக் கடக்க மற்றொரு பெட்டி வேண்டும். அவசரக்காரர் சிலர் மேலதிகத் திறப்பொன்றை வண்டியினுள்ளேயே ஒளித்து வைத்து இதனை முடிப்பதுண்டு. கள்வனுக்கு அதைவிட வேறென்ன உதவி வேண்டும்?

மற்றோர் அபாயம் கண்ணுக்குத் தெரியாதது. கைப்பிடியைச் சுற்றியவர் வண்டியின் முன்னே நின்றார். கதவு மூடிய கொட்டிலிலே வண்டி நிற்கின்றதா என்பதை அவர் அறியாதிருக்க முடியாது. பொத்தானை அழுத்துபவர் அறியாதிருக்க முடியும். மூடிய கொட்டிலில் ஓடும் எஞ்சின் காபனோரொட்சைட்டை நிரப்பும். நிறமும் மணமும் அற்ற அந்நச்சு வாயு கதவிடுக்கு வழியே வீட்டுக்குட் புகும். ஆதலாற்றான் தொலைத்தொடக்கிகளிலே குறித்த நிமிடங்களின் பின் எஞ்சினை நிறுத்தும் காலக்கணிப்பு அமைக்கப்பட்டது. திறப்பைச் செருகாது பொத்தானால் ஓட்டும் வண்டிகளை நிறுத்த மறந்து உறங்கச் சென்றோர் இவ்வாயுவால் இறந்தனர். அதன் பின்னர், அத்தகைய வண்டிகளும் தாமாக நின்றுவிடுவதற்கு விதி வகுக்குமாறு 2021இல் அமெரிக்கச் சட்டமொன்று பணித்தது.

கையாற் கியர் மாற்றும் வண்டியிலே இப்பெட்டியைப் பொருத்துவோருக்கு மொடல் ரி காலத்துப் பயம் மீண்டும் வந்து சேர்கின்றது. கியரில் விட்டுச் சென்ற வண்டியைத் தொலைவிலிருந்து தொடக்கினால் அது பாயும். முன்னே நிற்பவர் இம்முறை உரிமையாளராக இராது, அயல்வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம். இதற்காக ஓர் ஒழுங்கு வகுத்துள்ளனர். சாரதி எஞ்சின் ஓடும்போதே கியரை விடுவித்துக் கைப்பிறேக்கை இழுக்கிறார். திறப்பை எடுத்த பின்னரும் பெட்டி எஞ்சினை ஓட விடுகின்றது. அவர் இறங்கிக் கதவுகளை மூடிய பின்னரே அது எஞ்சினை நிறுத்தி, வண்டி கியரில் இல்லை என்பதை நினைவில் வைக்கின்றது. அதன் பின் யாராயினும் ஒரு கதவைத் திறந்தால், உள்ளே புகுந்தவர் கியரைத் தொட்டிருக்கலாம் என்று கொண்டு அந்நினைவை அழித்துவிடும். சாரதி மறுபடியும் வந்து அவ்வொழுங்கை முதலிலிருந்து செய்யும்வரை, எத்தனை முறை அழுத்தினாலும் பொத்தானுக்கு வண்டி மறுமொழி கூறாது.