காலண்டர் ஓவியம் (சிவகாசி–கோவில்பட்டி மரபு)

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோவில்பட்டியில் வரையப்பட்டு, சிவகாசியில் அச்சாகி, தமிழ்நாட்டு வீடுகளின் சுவருக்கும் கடைகளின் கல்லாவுக்கு மேலும் வந்து சேர்ந்த தெய்வப் படங்கள், தலைவர் படங்கள் ஆகியவற்றின் பொதுப்பெயர். இவற்றை நடப்பியல் ஓவியம் என்று கொள்ளலாமா என்பதில் கலை விமர்சகர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. வாங்குவோர் அந்த வாதத்துக்குள் போனதில்லை. நல்ல படத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் ஒன்றுதான்: தத்ரூபம்.

சாத்தூருக்குக் கிழக்கே, வைப்பாறும் அர்ச்சுனா நதியும் சேரும் இடத்தில் உள்ள இருக்கன்குடி மாரியம்மன் கோயிலை இப்படங்கள் புழங்கிய நிலப்பகுதியின் நடுப்புள்ளி எனலாம். ‘இரு கங்கைக் குடி’ என்பதே இருக்கன்குடி ஆனது என்பது ஊர் வழக்கு. சொல்லாய்வாளர் இதை எந்த அளவுக்கு ஏற்பர் என்பது வேறு. கண்நோயும் அம்மையும் கண்டவர்கள் இங்கே வந்து ‘வயனம்’ என்ற விரதம் காத்துத் தங்குவதுண்டு. ஆடி கடைசி வெள்ளியன்று பெருங்கூட்டம் கூடும். அதே ஆடியில், பதினெட்டாம் பெருக்கன்று, சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களுக்குப் பூசை போட்டு வெளியிடுவார்கள்.

முன்வரலாறு

மேனாட்டு எண்ணெய் வண்ண முறை தென்னாட்டுக்கு வந்த வழியில் மதுரைக்கும் பங்குண்டு. திருவிதாங்கூர் அரசவையில் மதுரை அழகிரி நாயுடு ஓவியராக இருந்தார். அவருக்குப் பின்வந்த ராமசாமி நாயுடுவிடம் ராஜா ரவிவர்மா (1848–1906) கற்க விரும்பியதாகவும், அவர் மறுத்துவிடவே அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை இரவில் இரகசியமாகக் கற்றுக்கொடுத்ததாகவும் ஒரு கதை உண்டு. எல்லா வாழ்க்கை வரலாறுகளும் இதை ஒரே மாதிரி சொல்வதில்லை. 1894இல் ரவிவர்மா பம்பாயில் நிறுவிய அச்சகமே அரண்மனைச் சுவரிலிருந்த படத்தைக் குடிசைக்குக் கொண்டுபோனது. பிற்பாடு மளவ்லிக்கு மாறிய அச்சகம், நஷ்டத்தில் சில ஆண்டுகளிலேயே பிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியரின் கைக்குப் போயிற்று.

சிவகாசியில் அச்சுத்தொழில் சாமி படத்துக்காக வரவில்லை, தீப்பெட்டி லேபிளுக்காக வந்தது. பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். ஆண்டு 1922 என்றும் 1923 என்றும் இருவிதமாகச் சொல்லப்படுகிறது. மழை குறைந்த கந்தக பூமி மருந்தைக் காயவைக்க உதவியது போலவே, தாளைச் சுருங்காமல் வைத்திருக்கவும் உதவியது. லித்தோ அச்சகங்கள் தீப்பெட்டி லேபிளிலிருந்து பட்டாசு லேபிளுக்கும், அங்கிருந்து காலண்டருக்கும் நகர்ந்தன.

கொண்டைய ராஜுவும் மாணவர்களும்

இம்மரபின் தலைமகன் சி. கொண்டைய ராஜு (1898–1976). சென்னை கலைப்பள்ளியில் பயின்றவர். நிழல்-ஒளி, உடற்கூறு, தூரக்காட்சி ஆகிய மூன்றையும் மேனாட்டு முறைப்படி கற்றவர். சில காலம் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இருந்தார். கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. பிறகு ஊர் ஊராகச் செல்லும் நாடகக் கம்பெனி ஒன்றில் திரைச்சீலை வரையும் வேலையில் சேர்ந்தார். தர்பார், நந்தவனம், காடு, தெரு என்று காட்சிக்கு ஒரு சீலை. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் தூண் தூணாகத் தெரிய வேண்டும். 1940களின் முற்பகுதியில் அந்தக் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தது. ராஜு அங்கேயே தங்கிவிட்டார்.

அவரும் மாணவர்களும் அங்கே தொடங்கியது தேவி ஆர்ட் ஸ்டூடியோ. போட்டோ எடுக்கும் கடையும் ஓவியக் கூடமும் ஒன்றாக இருந்த இடம் அது. நாடகச் சீலை வரைந்த கை, போட்டோ ஸ்டூடியோவின் பின்திரைக்கு மாளிகைப் படிக்கட்டும் குளமும் வரைந்தது. அந்தத் திரைக்கு முன்னால் புதுமணத் தம்பதியர் நின்றார்கள். சாமி படங்களிலும் அதே படிக்கட்டும் அதே குளமும் வருவதைக் கவனித்தால் காணலாம். அம்மன் ஏதோ ஒரு ஸ்டூடியோவுக்கு வந்து அமர்ந்தது போலவே இருப்பாள். இதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. ஆனால் வீட்டில் தாத்தா போட்டோவுக்கு அருகில் அந்தப் படம் அவ்வளவு இயல்பாகப் பொருந்தியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

டி. எஸ். சுப்பையா, டி. எஸ். அருணாசலம், மு. ராமலிங்கம், மு. சீனிவாசன், செண்பகராமன் ஆகியோர் மாணவர்களில் பெயர் பெற்றவர்கள். பல படங்களின் அடியில் ஆசிரியர் பெயரும் மாணவர் பெயரும் சேர்ந்தே இருக்கும். இவற்றில் முகம் யாருடையது, நகை யாருடையது என்று பிரித்துச் சொல்வது கடினம். குருவின் பெயரால் வந்தவற்றில் மாணவர் கை கூடுதலா என்பதும் விவாதத்துக்குரியதே.

யாரும் கண்டிராத தெய்வத்தைத் தத்ரூபமாக வரைவது எப்படி என்ற கேள்விக்கு இவர்கள் கண்ட விடை எளிது: கண்டவற்றை எல்லாம் பிசகாமல் வரைவது. பட்டுப் புடவையின் ஜரிகை கொசுவத்தில் மடியும்போது எந்த இடத்தில் மின்னும், எங்கே மங்கும். அட்டிகை கழுத்தில் விழுத்தும் மெல்லிய நிழல். மல்லிகைச் சரத்தில் ஒன்றிரண்டு பூ மட்டும் விரிந்திருப்பது. சிம்ம வாகனத்தின் பிடரி மயிர். இவ்வளவும் கண்ணால் கண்டபடி இருக்கும். முகம் மட்டும் கண்டபடி இராது. அதில் எலும்பு தெரியாது, வயது தெரியாது; இமைக்காத இரு கண்களும் நேரே பார்க்கும். அறையின் எந்த மூலையில் நின்றாலும் அம்மன் நம்மையே பார்க்கிறாள் என்று வீடுகளில் சொல்வது இந்த நேர்ப்பார்வையால்தான். மேனாட்டு நடப்பியல் பார்ப்பவனை ஒளித்துவைக்கும். இங்கே பார்க்கப்படுவதற்கே படத்தை வாங்கினார்கள்.

மூல ஓவியம் அப்படியே அச்சேறியதும் இல்லை. கேமரா வழி நிறம் பிரிக்கும் முறை பரவுமுன், லித்தோ ஆர்ட்டிஸ்ட் ஒருவர் மூலத்தைப் பார்த்து, மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என்று நிறத்துக்கொரு தகட்டில் புள்ளி புள்ளியாகக் கையால் வரைந்தார். கன்னத்தின் மேடு, புள்ளிகள் அடர்வதிலும் விலகுவதிலும் அமைந்தது. ஒரு தகடு நூலளவு நகர்ந்தாலும் அம்மனின் உதடு முகத்தை விட்டு விலகிவிடும். படத்தின் கீழே ஓவியர் பெயர் இருக்கும், அச்சகத்தின் பெயர் இருக்கும், சில சமயம் காப்பித்தூள் கடையின் பெயர் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருக்கும். புள்ளி வைத்தவரின் பெயர் இருப்பதில்லை.

கலைப்பள்ளியின் போக்கு

ராஜு பயின்ற சென்னைப் பள்ளி இதற்குள் வேறு திசையில் போயிருந்தது. தேவிபிரசாத் ராய் சௌத்ரி (பொறுப்பில் 1929–1957) உருவத்தைக் கைவிடாதவர். அவருக்குப் பின்வந்த கே. சி. எஸ். பணிக்கரின் காலத்தில் கோடும் குறியீடும் அரூபமும் முன்வந்தன. 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமம் அமைந்தது. காலண்டர் என்பது அங்கே வசைச்சொல்லாகவும் பயன்பட்டதாகச் சொல்வார்கள். வார இதழ்களில் மட்டும் நடப்பியல் வரவேற்போடு தொடர்ந்தது. கோயில் சிற்பங்களைக் கல்லின் சிதைவு உட்பட வரைந்த ஓவியர் சில்பி இதற்கு முதன்மைச் சான்று. காலண்டர் ஓவியத்தைக் கல்வியுலகம் கவனிக்கத் தொடங்கியது மிகப் பின்னர்: ஸ்டீபன் இங்லிஸ் கொண்டைய ராஜுவைப் பற்றி எழுதினார், கஜ்ரி ஜெயினின் விரிவான நூல் 2007இல் வந்தது.

அண்மைக்காலம்

கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் பயின்ற எஸ். இளையராஜா (1979–2021), கிராமத்துப் பெண்களை வீட்டு வாசலிலும் அடுப்பங்கரையிலும் விழும் வெயிலோடு எண்ணெய் வண்ணத்தில் வரைந்து பெரும் புகழ் பெற்றார். ‘போட்டோவா, ஓவியமா’ என்று கேட்டே ஜனங்கள் அவற்றைக் கைமாற்றினர். கொரோனா தொற்றால் அவர் இறந்தபோது, ஓவியர் ஒருவருக்கு அரிதாகவே நேரும் அளவில் பொதுமக்கள் துக்கம் தெரிவித்தனர். கொண்டைய ராஜு மரபோடு அவருக்கு நேரடித் தொடர்பு இல்லை.

சிவகாசியில் இப்போது காலண்டர் வடிவமைப்பு கணினியில் நடக்கிறது. பழைய படங்களும் மெருகேற்றப்பட்டு மறுபடி அச்சாகின்றன. கோவில்பட்டி ஓவியர்களின் மூலப்படங்களைச் சேகரிப்போரும் உண்டு.

தேதித் தாள் தீர்ந்த பிறகு அட்டையிலிருந்து படத்தைப் பிரித்துச் சட்டம் போட்டுக்கொள்வது இப்பகுதி வழக்கம். கண்ணாடி உடைந்து, கரையான் அரித்து, இனி மாட்ட முடியாது என்றாலும் அதைக் குப்பையில் போட மாட்டார்கள். கோயில் மரத்தடியில், முகம் வெளிப்பக்கம் தெரியும்படி, சாய்த்து வைத்துவிட்டு வருவார்கள்.