தக்காளியில் இலைக்கருகல் நோய்: அடி இலையிலேயே தடுக்கலாம்

சேதராப்பட்டு, வில்லியனூர், பாகூர் பகுதி வீட்டுத் தோட்டங்களில் மழைக்காலத் தக்காளியை இலைக்கருகல் நோய் எளிதில் தாக்கும். ஆல்டர்னேரியா என்ற பூஞ்சாணமே காரணம். கத்தரி, உருளைக்கிழங்கையும் இது விடாது. இலைகள் கொட்டிவிட்டால் காய்கள் வெயிலில் வெந்து மகசூல் குறையும்.

அறிகுறிகள்

மண்ணை ஒட்டிய முதிர்ந்த இலைகளில் முதலில் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். புள்ளிக்குள் வளையம் வளையமாகத் தெரியும், சுற்றிலும் மஞ்சளாகும். பிறகு தண்டுக்கும் காய்க்காம்புக்கும் பரவும்.

நீலகிரியில் உருளைக்கிழங்கைத் தாக்கும் பின்பருவ இலைக்கருகல் வேறு நோய். அதற்குக் குளிரும் மூடுபனியும் வேண்டும். அதன் புள்ளிகளில் வளையம் இருக்காது.

பரவும் விதம்

அறுவடைக்குப் பின் விட்ட செடிக்கழிவில் பூஞ்சாணம் உயிரோடு இருக்கும். மழையோ, ஊற்றும் தண்ணீரோ மண்ணில் பட்டுத் தெறிக்கும்போது அடி இலைக்கு ஏறும். விதை, காற்று மூலமும் பரவும். எனவே மண் தெறிக்காமல் பார்ப்பதே முதல் வேலை.

தடுப்பு முறைகள்

• ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைக்கவும். வீட்டுத் தேவைக்கான விதைக்கு ஒரு சிட்டிகை போதும்.
• 60 செ.மீ. வரிசையில், 45 செ.மீ. இடைவெளியில் நடவும்.
• செடியைச் சுற்றி வைக்கோல் மூடாக்கு போடவும்.
• குச்சி நட்டுக் கட்டவும். செடி வளர்ந்ததும் மண்ணைத் தொடும் இலைகளைக் கிள்ளிவிடவும்.
• காலையில் வேரடியில் மட்டும் நீர் விடவும்.
• அதே இடத்தில் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய் வேண்டாம். கீரை, வெண்டை, கொத்தவரை போடலாம்.

நோய் வந்துவிட்டால்

புள்ளி கண்ட இலைகளைச் செடி காய்ந்திருக்கும்போது பறித்து எரிக்கவும். எருக்குழியில் போடக் கூடாது. அதன்பிறகும் பரவினால் லிட்டருக்கு 2 கிராம் மான்கோசெப் கலந்து, இலையின் இருபுறமும் நனையத் தெளிக்கவும். இம்மருந்து கருகிய இலையை மீட்காது. நல்ல இலையைக் காக்கும். பாதிச் செடி கருகிய பின் தெளிப்பது வீண் செலவு.

பழுத்ததைப் பறித்துவிட்டுத் தெளிக்கவும். அடுத்த பறிப்புக்கு மருந்துச் சீட்டில் உள்ள நாள்வரை காத்திருக்கவும். கையுறை, முகக்கவசம் அவசியம்.

சந்தேகம் இருந்தால் நோய் கண்ட இலையுடன் குரும்பாப்பேட் பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.