மேர்ட்டன் கல்லூரியும் நமது வக்பும்



"ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் முஸ்லிம்களின் வக்பைப் பார்த்து உருவானது" என்று நாம் பெருமையோடு பகிர்ந்துகொள்கிறோம். பகிர்வதற்கு முன் அந்த வரலாற்றை ஒரு தடவை பார்த்துவிடுவோம்.

ஒக்ஸ்போர்டில் 11ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கற்பித்தல் நடந்திருக்கிறது. மாணவர்கள் ஊருக்குள் அறை வாடகைக்கு எடுத்துத் தங்கினார்கள். கல்லூரிகள் பிறகுதான் வந்தன. அரசரின் சான்சலராக இருந்த வால்டர் டி மேர்ட்டன், 1264இல் சரே பகுதியிலிருந்த தன் காணிகளின் வருமானத்தை மாணவர்களுக்கென ஒதுக்கினார். 1274இல் இறுதி விதிகளை எழுதினார். காணி நிலைத்திருக்க வேண்டும், வருமானம் மட்டும் படிப்புக்குப் போக வேண்டும், பொறுப்பாளர் ஒருவர் விதிப்படி நிர்வகிக்க வேண்டும், நிறுவியவரின் உறவினருக்கு முன்னுரிமை உண்டு. வாசிக்கும்போது நமக்கு வக்பும் முதவல்லியும்தான் ஞாபகம் வரும்.

இந்த ஒற்றுமையை வைத்து மொனிக்கா கவுடியோசி என்ற ஆய்வாளர் 1988இல் ஒரு கட்டுரை எழுதினார். ஆனால் அது ஒரு கருத்து மட்டுமே. வால்டர் ஒரு வக்புப் பத்திரத்தைப் பார்த்து எழுதினார் என்பதற்கு நேரடிச் சான்று கிடையாது. பல்கலைக்கழகமோ அக்கல்லூரியை விடப் பழையது. ஆகவே நாம் பகிரும் அந்த வசனம் சரியல்ல.

நிச்சயமான தொடர்பு வேறொன்று. இப்னு ஸீனாவும் இப்னு ருஷ்தும் எழுதியவை லத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டு அங்கே பாடமாக வாசிக்கப்பட்டன. அந்தச் சூழலில் வளர்ந்த பிரட்வர்டீன், ஹெய்டஸ்பரி, சுவைன்ஸ்ஹெட் போன்ற மேர்ட்டன் அறிஞர்கள், சீராக வேகம் கூடும் பொருள் கடக்கும் தூரத்தைச் சராசரி வேகத்தால் கணிக்கலாம் என்று கலிலியோவுக்கு ஏறத்தாழ 300 வருடங்களுக்கு முன்பே சொல்லிவிட்டார்கள்.

மாணவர் வாழ்க்கை கடினமானது. ஓர் அறையில் பலர். அவர்களைக் கவனிக்க வயதில் மூத்த ஒருவர். லத்தீனில்தான் பேச வேண்டும். சாப்பாட்டு மேசையில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் அமைதியாகக் கேட்க வேண்டும். 1373இல் கட்டத் தொடங்கிய நூலகத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்தார்கள். அந்த நூலகம் இன்றும் பாவனையில் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் வறிய மாணவர்களுக்கென இன்னொரு நிதியும் வந்தது. அவர்களைப் 'போஸ்ட்மாஸ்டர்' என்று அழைத்தார்கள். தபாலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை!

கதவு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1581 முதல் 1854 வரை ஆங்கிலிக்கன் கொள்கைக்குக் கையொப்பமிடாதவர் ஒக்ஸ்போர்டில் மாணவராகச் சேர முடியாது. மேர்ட்டனில் பெண்கள் சேர்ந்தது 1980இல்தான்.

அவர்கள் நம்மிடமிருந்து எடுத்தார்களா என்ற வாதத்தை விடுவோம். ஒரு மனிதர் காணி வருமானத்தை மாணவர்களுக்கென எழுதிவைத்தார். 750 வருடங்கள் கடந்தும் அந்தக் கல்லூரி நிற்கிறது. நம் ஊர்களிலும் வக்புக் கடைகள் இருக்கின்றன, தென்னங்காணிகள் இருக்கின்றன. அந்த வாடகையில் எத்தனை ரூபா, பல்கலைக்கழக அனுமதி கிடைத்தும் விடுதிச் செலவுக்கு வழியில்லாத நம் பிள்ளைக்குப் போய்ச் சேருகிறது? அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் இதை நாம் கேட்போம்.