வெள்ளி கறுக்கும் ஊர்



கல்யாண சீசன் தொடங்கியதும் பீரோவில் இருந்து கொலுசு, குங்குமச் சிமிழ், காமாட்சி விளக்கு எல்லாம் வெளியே வருகின்றன. கறுத்துப்போன கொலுசைப் படம் பிடித்து அனுப்பி, "சார், கடைக்காரர் கலப்படம் பண்ணிட்டாரா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பதிலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதில் நம் ஊரின் வரலாறும் இருக்கிறது.

கடைக்காரரைச் சந்தேகப்பட வேண்டாம். சுத்த வெள்ளியும் கறுக்கும். 92.5 சதவீத வெள்ளியில் மீதி பெரும்பாலும் செம்பு என்பதால் இன்னும் சீக்கிரம் கறுக்கும். "உடம்புச் சூடு" என்று பாட்டிமார்கள் சொல்வார்கள். வியர்வைக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் பூட்டி வைத்த வெள்ளி கறுப்பதற்கு முக்கியக் காரணம் காற்றில் உள்ள கந்தகம், குறிப்பாக ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையதுதான். நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே போதும், நாளடைவில் வெள்ளியின் மேல் வெள்ளி சல்பைடு என்ற கறுப்புப் படலம் படியும். நம் மூக்குக்குத் தெரியாததும் வெள்ளிக்குத் தெரிந்துவிடும்.

சாக்கடை, தேங்கிய குட்டை என்று எந்த ஊரிலும் இந்த வாயு உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை மக்களுக்குக் கூடுதலாக ஒரு காரணம் இருக்கிறது: டேனரி.

அந்தக் காலத்தில் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் பல நாள் ஊறவைத்து முடியைக் களைந்தார்கள். பிறகு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்தினார்கள். அப்போதும் நாற்றம் இருந்தது. பின்னர் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ந்தது. பல நாள் வேலை ஓரிரு நாளில் முடிந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடும் முறையை முயன்று பார்த்தார். 1970களில் பாதி பதப்படுத்திய தோலை ஏற்றுமதி செய்ய அரசு கட்டுப்பாடு விதித்தபின், நம் பகுதியில் குரோம் முறை வேகமாகப் பரவியது. குரோம் முறைக்கு அமிலம் வேண்டும். சல்பைடு கலந்த சுண்ணாம்புத் தண்ணீரும் அமிலத் தண்ணீரும் ஒரே கால்வாயில் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். தேங்கிய கசடில் வாழும் நுண்ணுயிரிகளும் அதே வாயுவை உண்டாக்கும்.

பாலாற்றுக்கு நேர்ந்தது உங்களுக்குத் தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டேனரிகள் உள்ள பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ கெட்டுப்போனதை அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் இந்த வழக்குக்கு முக்கியப் பங்கு உண்டு. இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் வேலூரின் பெயரைச் சொல்லி இதை நடத்துகிறார்கள்.

அது நீரையும் நிலத்தையும் பற்றிய வழக்கு. காற்றுக்கு வெள்ளிதான் சாட்சி. 1973இல் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஆடி இதையே ஒரு சோதனையாக ஆக்கினார். காட்சிப் பெட்டிக்கான மரம், துணி, பசை எதையும் வெள்ளி, செம்பு, ஈயத் துண்டுகளோடு மூடிய குடுவையில் சூடாக வைத்துப் பார்ப்பார்கள். துண்டு கெட்டால் அந்தப் பொருள் பெட்டிக்கு ஆகாது. இன்றும் பல நாட்டு அருங்காட்சியகங்கள் இந்தச் சோதனையைச் செய்கின்றன.

இனி வீட்டுக்கு வருவோம். வெள்ளியைத் தோல் பையில் வைக்காதீர்கள். தோல் ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்வது வேடிக்கைதான், ஆனால் தோலில் கந்தகம் தங்கியிருக்கலாம். கம்பளித் துணி, செய்தித்தாள், ரப்பர் பேண்ட் எதுவும் வேண்டாம். ரப்பர் பட்ட இடம் கோடு போட்டதுபோல் கறுக்கும். கழுவி, ஈரம் போகத் துடைத்து, பழைய வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றி, காற்றுப் புகாத கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். தங்கத்தையும் வெள்ளியையும் தனித்தனியாக வையுங்கள்.

கறுத்துவிட்டால் விபூதி போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள். ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் வெள்ளி போகும். பீங்கான் கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, அதன்மேல் நகை படும்படி வைத்து, சமையல் சோடா கலந்த வெந்நீரை ஊற்றுங்கள். கந்தகம் அலுமினியத்துக்கு மாறும், வெள்ளி வெள்ளியாகவே தங்கும். கல் பதித்த நகைக்கும், வேலைப்பாட்டுக்காகவே கறுப்பேற்றிய நகைக்கும் இந்த முறை வேண்டாம்.

கடைசியாக, டேனரிகளில் மேஸ்திரியாக, மேலாளராக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. கொலுசைக் கறுக்க வைக்கும் அதே வாயு காற்றைவிடக் கனமானது. கழிவுத் தொட்டியின் அடியில் தங்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. "வாடை இல்லை, இறங்கலாம்" என்று இறங்கியவரும், அவரைத் தூக்கக் குதித்தவரும் சேர்ந்தே இறந்த செய்திகளை நம் மாவட்டத்தில் எத்தனை முறை படித்துவிட்டோம்! வாயு அளக்கும் கருவி வைத்துப் பார்க்காமல் யாரையும் தொட்டிக்குள் இறக்காதீர்கள். கூடியவரை இயந்திரத்தால் சுத்தம் செய்யுங்கள். முதலாளி அவசரப்படுத்தினாலும் மறுத்துச் சொல்லுங்கள்.

கறுத்த வெள்ளியை மறுபடி வெளுக்க வைக்கலாம். தொட்டிக்குள் போன உயிரைத் திருப்ப முடியாது.

எல்லோரும் நலமாக இருங்கள்.