சொல்லணியின் தொன்மையும் ஆளுடைய பிள்ளையார் திருவாக்கும்

செய்யுளை அழகுசெய்யும் அணிகள் பொருளணி, சொல்லணி என இருதிறப்படும். ஒரு பொருளைப் பிறிதொன்றனோடு ஒப்பித்தும், ஒன்றன் தன்மையை மற்றொன்றன்மேல் ஏற்றியும் கருத்தை விளக்குவது பொருளணி. எழுத்துஞ் சொல்லும் அடியும் மீளமீள வந்து இன்பந் தருவது சொல்லணி. ஆலங்குளத்துக்கு அணித்தாகிய சிவகாசியிலே ஒளிக்கு மத்தாப்பும் ஓசைக்கு வெடியும் வேறுவேறாகச் செய்யப்படுதல் யாவரும் அறிவர். அவ்வாறே பொருளணியை அறிவுக்கு ஒளியென்றும், சொல்லணியை வெற்றோசை யென்றும் பிரித்து, பின்னது தமிழ்ப்புலமை தளர்ந்த காலத்தே வடமொழித் தண்டியாசிரியர் நூல்வழிப் புகுந்த விளையாட்டே யென்பாரும் உளர். அக்கூற்றுப் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

தொல்காப்பியனார் உவமைக்குத் தனியே ஓரியல் வகுத்து, வினை, பயன், மெய், உரு என்னும் நான்கன் வழியாக அது தோன்றும் என்றார். மோனை, எதுகை, முரண், இயைபு, அளபெடை என்னுந் தொடைகளைச் செய்யுளியலில் வைத்தார். ஆகவே ஓசையழகு செய்யுளுறுப்பாகவே தொன்றுதொட்டுக் கொள்ளப்பட்டது. அணியிலக்கணத்தை விரித்துரைக்கும் தமிழ் நூல்களுள் இன்று கிடைப்பனவோ பிற்பட்டன. அலங்காரப் படலத்தை உடைய புத்தமித்திரனாரின் வீரசோழியம் 11-ஆம் நூற்றாண்டினது. தண்டியலங்காரம் 12-ஆம் நூற்றாண்டினது. திருக்குருகைப்பெருமாள் கவிராயரின் மாறனலங்காரம் 16-ஆம் நூற்றாண்டினது.

இனி இலக்கியத்தை நோக்குவாம். ஆளுடைய பிள்ளையாராகிய திருஞானசம்பந்தர் திருச்செங்காட்டங்குடிப் பதிகத்திற் சிறுத்தொண்டரைப் பாராட்டியுள்ளார். அச்சிறுத்தொண்டர் வாதாபியை அழித்த படைத்தலைவர் என்பது பெரியபுராணம். வாதாபி வீழ்ந்தது கி.பி. 642-ஐ ஒட்டியாகும். எனவே பிள்ளையார் காலம் 7-ஆம் நூற்றாண்டென்பது தெளிவு. தண்டியாசிரியரோ அந்நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்ததன் தொடக்கத்திலும் காஞ்சியில் வாழ்ந்தவர் என ஆராய்ச்சியாளர் கொள்வர். திருவியமகம், ஏகபாதம், எழுகூற்றிருக்கை, மாலைமாற்று, சக்கரமாற்று என்பனவெல்லாம் பிள்ளையார் திருவாக்கில் முன்னரே நிறைந்துள்ளன.

இயமகம் என்னும் பெயர் வடமொழியினதே. பரதருடைய நாட்டிய நூல் உவமை, உருவகம், தீவகம், இயமகம் என நான்கணிகளையே கூறும். கி.பி. 634-ஆம் ஆண்டின் ஐகொளெக் கல்வெட்டிற் பெயர் பொறிக்கப்பெற்ற பாரவியும் சித்திரகவி பாடியவரே. ஆதலின் இக்கலை இருமொழிப் புலவர்க்கும் அக்காலத்தே பொதுவாயிருந்தது. தண்டியார் நூலால் வந்ததென்பதும், தளர்ச்சியிற் பிறந்ததென்பதும் பொருந்தாமை இதனாற் பெறப்படும்.

நிற்க. இவ்வணிகளின் பயன் யாது? ‘மாலை’ என்னும் ஒருசொல் அந்திப்பொழுதையும் தொடையலையும் குறிக்கும். ‘மால்’ என்பது ஐயுருபு ஏற்றவிடத்துத் திருமாலையும் சுட்டும். ஏகபாதத்தில் ஓரடியே நான்கடியாய் வரும். பதம்பிரிக்குந்தோறும் வெவ்வேறு பொருள்படும். பண்டை ஓலைகளிற் சொல்லுக்குச் சொல் இடைவெளியில்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இடப்படுவதில்லை. ஆகவே ஏட்டை நோக்கிய கண் நான்கடியையும் ஒன்றெனவே காணும். பொருள் வேற்றுமை ஆசிரியன் வாய்மொழியினாலன்றி விளங்காது.

மாலைமாற்றோ ஈற்றிலிருந்து திருப்பிப் படிப்பினும் அப்பாட்டாகவே நிற்பது. ‘விகடகவி’ என்பதை எழுத்தெழுத்தாகத் திருப்பினால் அச்சொல்லே வரும். உயிரையும் மெய்யையும் பிரித்து ஒலியொலியாகத் திருப்பினால் வாராது. எனவே இது செவியை மட்டும் நோக்கியதன்று, உயிர்மெய்யை ஓரெழுத்தாக வரையும் வரிவடிவை நோக்கியது. பண்ணோடு பாடப்பெறுந் திருப்பதிகம் எழுத்தறிவையும் உடன்வேண்டி நிற்றல் 7-ஆம் நூற்றாண்டின் கல்விநிலைக்கு ஒரு சான்றாகும்.

இக்காலத்து ஓதுவார் சிலர் இப்பதிகங்களைக் கடினமென்று விடுகின்றனர். சிலர் பதம்பிரியாது ஓசையளவில் ஓதுகின்றனர். முன்னதனால் பாட்டு மறையும்; பின்னதனால் பொருள் மறையும். பொருள் மறைந்தவிடத்துச் சொல்லணி வெற்றோசை யென்னும் பழி உண்மையாகிவிடும். தருமபுர ஆதீனம் உரையோடு வெளியிட்ட திருமுறைப் பதிப்பு இன்று துணையாக உளது. மாணாக்கர்க்கு முதற்கண் ஓரடியைப் பதம்பிரித்துப் பொருள் காட்டி, அதன்பின் பண்ணிற் பாடுவித்தல் ஆசிரியர் கடன். அவ்வாறு பயின்றார்க்கு ஓசையும் பொருளும் இரண்டல்ல, ஒன்றே யென்க.